இடது பக்கம் தெரியாத டிரைவருக்கு லைசென்ஸ் கொடுத்தீர்கள்

பெறுநர்: தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்கள், கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள், இரண்டு மாவட்டங்களின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள்

ஐயா, அம்மா,

வணக்கம். நான் காவேரிப்பட்டணம் பக்கத்து ஊர்க்காரன். 1997-லிருந்து ஹெவி ஓட்டுகிறேன். ஓட்டினேன் என்று எழுத வேண்டும், வாய் இன்னும் பழகவில்லை. கிரானைட் கல் ஏற்றியிருக்கிறேன், மாங்காய் சீசனில் கூழ் ஃபேக்டரிக்கு ராத்திரி பகலாக லோடு அடித்திருக்கிறேன். கடைசி எட்டு வருஷம் சொந்த வண்டி, பத்துச் சக்கரம். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று தொப்பூர் இறக்கத்தில் ஒரு தடவைகூட நியூட்ரலில் இறக்கியதில்லை. இதைக் கொஞ்சம் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். சட்டப் பிரிவு, வெளிநாட்டு விதி எல்லாம் அவள் தேடிப் படித்துக் காட்டியவை. தட்டுக் கதையை எழுத வேண்டாம், மானம் போகும் என்றாள். அதுதான் முக்கியம் என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.

2022 ஆகஸ்டில் ஒரு காலை, டீ கிளாஸ் இடது கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டேன். வலது பக்க மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு, அதனால் இடது கையும் காலும் விழுந்துவிட்டன என்றார்கள். அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். நாங்கள் முதலில் நாட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்ததில் அந்த நேரம் போய்விட்டது. அந்தத் தப்பு எங்களுடையது.

அப்புறம் நடந்ததெல்லாம் நல்லதுதான். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதே திட்டத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கே பிசியோதெரபி வந்தது. பந்தை அமுக்கு, கையைத் தூக்கு, படி ஏறு. ஆறு மாதத்தில் கைப்பிடி திரும்பியது. எட்டாம் மாதம் யார் கையும் பிடிக்காமல் கேபினில் ஏறி உட்கார்ந்தேன். அழுதேன் என்று மகள் எழுதுகிறாள். கண்ணில் தூசி.

இப்போது தட்டுக் கதை. ஒரு மத்தியானம் களியும் கீரைக் கடைசலும். களியை முழுசாகச் சாப்பிட்டுவிட்டு, “கீரை வைக்கலையா?” என்று கேட்டேன். “வெச்சேனேங்க, தட்டுலதான இருக்கு” என்றாள் என் மனைவி. இல்லை என்றேன். இருக்கிறது என்றாள். அவளுக்கு வேலை கிடந்தது. கோபத்தில் தட்டைப் பிடித்து அரை வட்டம் சுற்றிவிட்டுப் போனாள். கீரை முளைத்து வந்தது. இவ்வளவு நேரமும் தட்டின் இடது பாதியில் இருந்திருக்கிறது. சிரித்துவிட்டு அதையும் சாப்பிட்டேன். அதற்கப்புறம் எனக்குத் தட்டு வைத்தால் பாதியில் ஒரு தடவை சுற்றிவிடுவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. சவரம் செய்தால் இடது கன்னத்தில் முடி நிற்கும், அதையும் அவளே காட்டுவாள். வயசாகிறது, கவனமில்லை என்று நினைத்தோம்.

2023-ல் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டி வந்தது. டிரான்ஸ்போர்ட் வண்டி லைசென்ஸுக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை அது உண்டு. புரோக்கர் நீட்டிய தாள்களில் படிவம் 1, படிவம் 1ஏ இரண்டும் இருந்தன. முதல் படிவம் நானே என்னைப் பற்றிச் சொல்லும் உறுதிமொழி. வலிப்போ, திடீர் மயக்கமோ, தலைச்சுற்றலோ உண்டா? இல்லை. கை காலில் அசைவுக் குறை உண்டா? கை நன்றாக இருந்தது, இல்லை. மற்றவர்களுக்கு ஆபத்து உண்டாக்கும்படியான வேறு நோய் ஏதாவது உண்டா? இல்லை. கையெழுத்துப் போட்டேன். ஒரு பொய்கூட எழுதவில்லை. சாமி மேல் சத்தியம் செய்யச் சொல்லியிருந்தால் அதையும் செய்திருப்பேன்.

இரண்டாவது தாள் டாக்டர் எழுத வேண்டியது. ஒரு கிளினிக்கில் டாக்டர் என் இரண்டு கையையும் அழுத்திப் பார்த்தார். சுவரில் இருந்த காலண்டரில் தேதி படிக்கச் சொன்னார். சிவப்பா பச்சையா என்று கேட்டார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்தத் தாளை மகள் பிறகு வரிவரியாகப் படித்துக் காட்டினாள். 25 மீட்டர் தூரத்தில் நம்பர் பிளேட் தெரிகிறதா, நிறம் தெரிகிறதா, காது கேட்கிறதா, மாலைக்கண் உண்டா, உறுப்பு ஊனம் உண்டா என்று கேட்கிறது. தூரப்பார்வை, காது, கை, கால், மூட்டு இவற்றைத் தனிக் கவனத்துடன் பார்த்தேன் என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். படிவம் கேட்டதை அவர் பார்த்தார். பக்கவாதம் வந்ததா, தலையில் அடிபட்டதா என்று அந்தத் தாள் நேராகக் கேட்கவே இல்லை. வண்டி ஓட்டுகிறவனுக்குக் கை, கால், கண், காது இருந்தால் போதும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

லைசென்ஸ் வந்தது. லாரியை எடுத்தேன். மூன்று டிரிப். ஓசூருக்கு இரண்டு, சேலத்துக்கு ஒன்று. சேலம் என்றால் தொப்பூர் இறங்கித்தான் போக வேண்டும், உங்களுக்குத் தெரியும். முழு லோடோடு இறங்கினேன். கியரில்தான் இறக்கினேன், எக்ஸாஸ்ட் பிரேக் போட்டுத்தான் இறக்கினேன். இருபத்தைந்து வருஷப் பழக்கம் எதுவும் மறக்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று அப்போது யோசிக்கவில்லை.

லாரிக்காரர்களுக்கு இது தெரியும். நமக்கு ஸ்டியரிங் வலது பக்கம். இடது பக்கம் எந்த டிரைவருக்கும் பாதி குருடுதான், அதனால்தான் அங்கே கிளீனர் உட்காருகிறான். என் கிளீனர் பையன் அந்த மூன்று டிரிப்பிலும் தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்தினான். “அண்ணா லெஃப்ட்ல பைக்கு... அண்ணா லெஃப்ட்டு, லெஃப்ட்டு!” எதுக்குடா இவ்வளவு கத்துறே என்று திட்டினேன். என் இடது பக்கத்தை அவன் ஓட்டியிருக்கிறான். நான் வலது பக்கத்தை மட்டும் ஓட்டியிருக்கிறேன்.

அப்புறம் லோடு குறைந்தது, வட்டி ஏறியது. லாரியை நிறுத்திவிட்டு மச்சானின் டாடா ஏஸை ஓட்ட ஆரம்பித்தேன். அதில் கிளீனர் கிடையாது. முதல் வாரம் இடது கண்ணாடி உடைந்தது. நிறுத்தியிருந்தபோது யாரோ இடித்துவிட்டார்கள் என்றேன், அப்படித்தான் நம்பினேன். அடுத்து இடது கதவில் ஒரு நீளக் கோடு. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்குப் போகிற வழியில், ஓரமாக ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒரு பெரியவரைத் தாண்டினேன். பின்னால் சத்தம் கேட்டு நிறுத்தினேன். ஒரு கிடா கீழே கிடந்தது. பெரியவருக்குக் கயிறு இழுத்ததில் கை சிராய்ப்பு, அவ்வளவுதான். “கண்ணு தெரியலயாய்யா உனக்கு?” என்று கேட்டார். எனக்கும் கோபம் வந்தது. சத்தியமாக அந்தப் பக்கம் ஆடும் இல்லை, ஆளும் இல்லை. ரோடு காலியாக இருந்தது. என்னைக் கேட்டால் இன்றைக்கும் அந்த ரோடு காலிதான்.

ஆட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மகள் வண்டியைச் சுற்றி வந்தாள். “அப்பா, அடி எல்லாம் லெஃப்ட் சைடே இருக்குப்பா” என்றாள். தட்டு வைத்துக்கொண்டிருந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

பெங்களூருக்குப் போனோம். நம் பக்கத்து ஜனங்களுக்கு மூளை என்றால் பெங்களூர்தானே. அங்கே ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அம்மா, அதாவது அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கிவிடுகிறவர், ஒரு தாளை வைத்தார். தாள் முழுக்கப் பெரிய நட்சத்திரம், சின்ன நட்சத்திரம், நடுநடுவே எழுத்து. சின்ன நட்சத்திரத்தை மட்டும் அடிக்கச் சொன்னார். அடித்தேன். “முடிஞ்சுதுங்களா?” “முடிஞ்சுதுங்க.” “நல்லாப் பாத்தீங்களா?” “பாத்துட்டேங்க.” அவர் ஒன்றும் பேசாமல் தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் நகர்த்தினார். தட்டைச் சுற்றியபோது கீரை வந்த மாதிரி, அடிக்காத நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. பாதித் தாள் இருந்தது. அன்றைக்குத்தான் பயந்தேன். பக்கவாதம் வந்த அன்றுகூட அவ்வளவு பயப்படவில்லை.

அவர் சொன்னது எனக்குப் புரிந்த மட்டும் இது. கண் கெடவில்லை. கண் இடது பக்கத்தையும் பார்க்கிறது, மூளைதான் அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. வலது மூளை அடிபட்டவர்களுக்கு இது வருவதுண்டு. பார்வைப் பரப்பில் ஒரு பாதி போனவர்கள் வேறு. அவர்களில் பலருக்குக் குறை தெரியும், தலையைத் திருப்பிப் பார்த்துச் சமாளிப்பார்கள். என் மாதிரி ஆட்களுக்கு ஒரு பக்கம் இல்லை என்பதே தெரியாது. தெரியாததைத் தேடித் தலை திருப்ப முடியாது. 1978-ல் இத்தாலியில் மிலான் நகரத்து மருத்துவர்கள் இப்படிப்பட்டவர்களிடம், ஊர் நடுவில் இருக்கும் பெரிய சதுக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு சுற்றி இருப்பதைச் சொல்லுங்கள் என்றார்களாம். வலது பக்கக் கட்டடங்களை மட்டும் சொன்னார்களாம். எதிர்ப்புறம் நிற்பதாக நினைக்கச் சொன்னதும், முதலில் விட்ட கட்டடங்களைச் சொல்லி, சொன்னதை விட்டுவிட்டார்களாம். என்னையும் காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி வைத்துக் கேட்டார். ஒரு பக்கத்து டீக்கடை, மெடிக்கல் எல்லாம் சொன்னேன். திரும்பி நில்லுங்கள் என்றதும் என் சித்தப்பா மகனின் செருப்புக் கடை ஞாபகம் வந்தது. முப்பது வருஷமாக இருக்கிற கடை.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

படிவம் 1 யாரைக் கேட்கிறது? மூளை அடிபட்டவனிடமே போய், உன் மூளை சரியாக இருக்கிறதா என்று கேட்கிறது. அடிபட்டது அந்தப் பதிலைச் சொல்ல வேண்டிய இடம். மோட்டார் வாகனச் சட்டம் 186-வது பிரிவும் அப்படித்தான். ஆபத்தான நோய் இருப்பது தனக்குத் தெரிந்தே ஓட்டினால்தான் குற்றம். முதல் தடவை 1,000 ரூபாய் வரை, மறுபடி செய்தால் 2,000 ரூபாய் வரை அபராதம். எனக்குத் தெரியவில்லை, ஆகவே நான் குற்றவாளி இல்லை. தொப்பூரில் முழு லோடோடு பாதி ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு இறங்கினேன், சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. 16-வது பிரிவில் உங்களுக்கு அதிகாரம் உண்டு. ஒருவர் நோயால் ஓட்டத் தகுதி இழந்தார் என்று நம்பக் காரணம் இருந்தால், எப்போது வேண்டுமானாலும் லைசென்ஸை ரத்து செய்யலாம், அல்லது திரும்ப மருத்துவச் சான்று கேட்கலாம். அந்தக் காரணம் உங்கள் மேசைக்கு எந்த வழியாக வந்து சேரும்? ஆஸ்பத்திரிக்கும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் நடுவே ரோடே கிடையாது. கேட்டாலும் அதே 1ஏ படிவத்தைத்தான் கேட்பீர்கள். மறுபடியும் கையை அழுத்திப் பார்ப்பார்கள்.

எனக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரை இருந்தது, உப்பைக் குறை என்று இருந்தது, பீடியை விடு என்று இருந்தது. தொழில் என்ற இடத்தில் டிரைவர் என்றும் எழுதியிருந்தது. வண்டி ஓட்டுவதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. பிரிட்டனில் பக்கவாதம் வந்தால் கார்காரர் ஒரு மாதம் ஓட்டக் கூடாது, லாரி, பஸ் டிரைவர் ஒரு வருஷம் ஓட்டக் கூடாது. பார்வைப் பரப்பும் அளப்பார்கள்: கார்காரருக்குக் குறுக்குவாட்டில் 120 டிகிரி, லாரிக்காரருக்கு 160 டிகிரி தெரிய வேண்டும். சந்தேகம் என்றால் அதற்கென்று இருக்கிற மையத்துக்கு அனுப்பி, பக்கத்தில் ஆள் உட்கார்ந்து ரோட்டில் ஓட்டவிட்டுப் பார்ப்பார்கள். அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒரு வருஷம் என்று ஒரு எண்ணை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நான் உட்கார்ந்திருப்பேன். டிரைவர்கள் எண்ணுக்குக் கட்டுப்படுவோம். டயர் காற்று முதல் எஃப்.சி. தேதி வரை எண்ணில்தான் எங்கள் பிழைப்பு.

டாக்டர்கள் கட்டாயமாக ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிப்போட வேண்டும் என்று சட்டம் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்க மாட்டேன். மகள் கேட்கலாம் என்கிறாள், இதில்தான் எங்களுக்குச் சண்டை. அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று வலிப்பு விஷயத்தைப் பார்த்தாலே தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு பையன், பைக்கில் விழுந்து தலையில் அடி. இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரம் காசில்லாமல் பார்த்தார்கள், பிழைத்தான். நாலு மாதம் கழித்து ஒரு வலிப்பு. படிவத்தின் முதல் கேள்வியே வலிப்பு உண்டா என்பது. எப்போது வந்தது, எத்தனை வருஷமாக வரவில்லை, மருந்தில் அடங்கியிருக்கிறதா என்று அடுத்த கேள்வி கிடையாது. உண்டு என்று எழுதினால் வாழ்க்கைக்கும் ஸ்டியரிங் கிடையாது என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் மாத்திரையை வேறு டப்பாவில் மாற்றி வைத்துச் சாப்பிடுகிறான், ராத்திரி டூட்டியில் தூக்கம் வருகிறது என்று சில நாள் விட்டும்விடுகிறான். மாத்திரை விட்ட ராத்திரிதான் வலிப்புக்கு ராசியான ராத்திரி. பிரிட்டனில் கார் ஓட்ட 12 மாதம் வலிப்பில்லாமல் இருக்க வேண்டும், லாரிக்குப் பத்து வருஷம் வலிப்பும் கூடாது, மருந்தும் கூடாது. பத்து வருஷம் கொடுமைதான். ஆனாலும் கார் பக்கம் ஒரு கதவு திறந்திருக்கிறது, உண்மையைச் சொன்னால் ஒரு தேதி கிடைக்கிறது. இங்கே உண்மை சொன்னவனுக்கு வேலை போகிறது, மறைத்தவனுக்கு பேட்ஜ் கிடைக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008-லிருந்து இருக்கிறது. கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் திறந்தீர்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு அறை. பக்கவாதமோ தலைக் காயமோ வந்து, திரும்ப வண்டி எடுக்க நினைக்கிறவர்கள் வரட்டும். அந்த நட்சத்திரத் தாளுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணைக்கிற சோதனை ஒன்று உண்டு, அதற்கும் ஒரு தாளும் ஒரு கைக்கடிகாரமும் போதும். கண் பிரிவில் பார்வைப் பரப்பு பார்க்கட்டும். இதில் எல்லாம் தேறினவரை ரோட்டில் பார்க்க வேண்டும், தாளில் தேறினவன் ரோட்டில் தேறுவான் என்று இல்லை. அதற்கும் வழி ஊரிலேயே இருக்கிறது. எந்த டிரைவிங் ஸ்கூல் காரிலும் மாஸ்டர் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. உங்கள் ஆய்வாளர் ஒருவரும் தெரபிஸ்ட் ஒருவரும் ஏறட்டும். எட்டு போடுவதையும் ஹெச் போடுவதையும் வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். காலி மைதானத்தில் நானும் எட்டு போடுவேன். சந்தை நாளில் போச்சம்பள்ளி ரோட்டில் ஓட்டவிட்டுப் பாருங்கள்.

பதிலும் பாஸ், ஃபெயில் என்று இரண்டே சொல்லாக இருக்க வேண்டாம். ஆறு மாதம் கழித்து வா என்று சொல்லலாம். பகலில் சொந்தக் கார் ஓட்டு, ஹெவி வேண்டாம் என்று சொல்லலாம். இடது பக்கம் தெரியாமல் போனவர்களுக்கு முதல் மாதங்களில் நிறையத் திரும்பி வருவதும் உண்டு என்று அந்த அம்மாவே சொன்னார். அதனால் லைசென்ஸைக் கிழிக்காமல் நிறுத்தி வைக்கிற ஒரு வழி இருந்தால் ஆட்கள் தாமே வருவார்கள். அந்த இடைக்காலத்துக்கு அரிசிக்கு என்ன வழி என்பதையும் நலவாரியத்தில் யாராவது யோசிக்க வேண்டும். அதை யோசிக்காமல் செய்தால் மச்சானின் டாடா ஏஸ் எப்போதும் ஒன்று கிடைக்கும்.

இன்னொன்று. படிவத்தில் வீட்டில் ஒருவர் நிரப்புவதற்கு இடம் வையுங்கள். என் மனைவி ஆறாவது வரை படித்தவள். என் இடது பக்கம் போனது டாக்டருக்கு, ஆய்வாளருக்கு, எனக்கு எல்லாம் முன்னால் அவளுக்குத்தான் தெரிந்தது. பெயர் தெரியாது, தட்டைச் சுற்றத் தெரிந்தது. அவளை யாரும் கேட்கவில்லை.

இப்போது பெங்களூருக்கு மாதம் ஒரு தடவை போகிறேன். இடது பக்கம் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டி, அது கண்ணில் படுகிற வரை தலையைத் திருப்பப் பழக்குகிறார்கள். தட்டில் கீரை இப்போது பெரும்பாலும் தெரிகிறது. நட்சத்திரத் தாளில் கடைசியாக மூன்றைத்தான் விட்டேன். மூன்றை விட்டவன் ஓட்டலாமா என்று கேட்டேன். அதை நாங்கள் சொல்ல முடியாது, உங்கள் ஊர் ஆர்.டி.ஓ.தான் சொல்ல வேண்டும் என்றார்கள். கிருஷ்ணகிரிக்கு வந்து கவுண்டரில் கேட்டேன். கார்டை வாங்கிப் பார்த்தார் ஒரு தம்பி.

“2028 வரைக்கும் வேலிடா இருக்கே, அப்புறம் என்ன?” என்று திருப்பிக் கொடுத்தார்.

இப்படிக்கு,
ஹெவி லைசென்ஸ் இன்னும் செல்லுபடியாகிற ஒரு டிரைவர்
காவேரிப்பட்டணம் வட்டாரம், கிருஷ்ணகிரி மாவட்டம்